மூன்று ஷீட் மாற்றினால் போதுமா, கூரையையே மாற்ற வேண்டுமா? புயலுக்குப் பிறகு மீஞ்சூரில் எழும் கேள்வி!

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. அன்று திருக்கார்த்திகை. ஜெயலலிதா மறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாசலில் அகல் விளக்கு ஏற்றவேண்டிய மாலைக்கு முன்பே வர்தா வந்துவிட்டது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றோடு சென்னைக்கு அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. ஷீட் வீடுகளில் இருந்தவர்களுக்கு அந்தப் புயலின் நினைவு மரமல்ல, சத்தம். தலைக்கு மேலே கூரை 'தட தட'வென்று எழுந்து எழுந்து அமர்ந்த சத்தம்.

ஏழு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. அது கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே என்றாலும், அதற்கு முன் டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மழையால் அடித்து நொறுக்கிவிட்டுப் போனது. வர்தா காற்றைக் காட்டியது, மிக்ஜாம் தண்ணீரைக் காட்டியது. இரண்டுக்கும் மறுநாள் காலையில் வடசென்னைக்கு வடக்கே உள்ள வீடுகளில் எழுந்த கேள்வி மட்டும் ஒன்றே: 'போன ஷீட்டை மட்டும் மாத்துறதா, இல்ல மொத்தமா பிரிச்சிட்டு வேற போடுறதா?'

ஏகாம்பரேஸ்வரரும் வரதராஜப் பெருமாளும் கோயில் கொண்டிருப்பதால் மீஞ்சூருக்கு 'வட காஞ்சி' என்றொரு பெயர் உண்டு. இன்று கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்கு இது காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் காமராஜர் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்குப் போக வசதியான ஊர். வேலைக்கு வந்தவர்களுக்காகவே வரிசையாக எழுந்தவை லைன் வீடுகள். ஒரே நீளச் சுவர், இடையிடையே தடுப்பு, மேலே சிமென்ட் ஷீட். சொந்த வீட்டுக்காரர்களிலும் ஓலையிலிருந்து ஷீட்டுக்கு மாறி, தளம் போடும் நாளுக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. அந்த நாள் வருவதற்குள் ஒரு புயல் வந்துவிடுகிறது.

அதே மூன்று ஷீட்... ஆனால்?

புயல் ஓய்ந்த மறுநாள் மேஸ்திரி கிடைப்பதே குதிரைக்கொம்பு. வந்தாலும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

"மூணு ஷீட்டுதான்க்கா போயிருக்கு. மாத்திட்டா முடிஞ்சிது."

"மத்ததெல்லாம் தாங்குமா தம்பி?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா. இந்தப் புயலையே தாங்கிடுச்சில்ல?"

கேட்க ஆறுதலாக இருக்கும் இந்தக் கடைசி வரிதான் ஏமாற்றுகிறது. இருபது அடி நீளம், பதினைந்து அடி அகலத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஓரத்தில் விடும் தாழ்வாரத்தையும் சேர்த்தால் வரிசைக்கு ஏழு வீதம் இரண்டு வரிசை, ஏறத்தாழ 14 ஷீட் பிடிக்கும். பக்கத்து முருங்கை மரம் முறிந்து விழுந்து நடுவில் மூன்று ஷீட் உடைந்தது என்றால், அது ஒரு வகை. வெளியிலிருந்து ஒரு பொருள் விழுந்தது, உடைந்தது, அவ்வளவுதான். கூரையின் பிடிமானத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூன்று ஷீட்டை மாற்றலாம்.

அதே வீட்டில் மரம் எதுவும் விழாமல், காற்று ஓரத்திலிருந்து மூன்று ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தால்? அங்கே தோற்றுப்போனது ஷீட் அல்ல, அதைப் பிடித்திருந்த கொக்கி. அந்த மூன்று ஷீட்டுக்குப் போட்ட அதே கொக்கியைத்தான் அதே ஆள் அதே நாளில் மீதி பதினொன்றுக்கும் போட்டிருப்பார். அவை 'தாங்கிடுச்சு' என்பதற்கு, காற்று இன்னும் அரை மணி நேரம் அடிக்கவில்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். எத்தனை ஷீட் போனது என்பதைவிட எப்படிப் போனது என்பதுதான் முதல் கேள்வி.

இன்னொரு விஷயமும் உண்டு. புயலின் கண் கடக்கும் இடங்களில் காற்று ஒரு திசையிலிருந்து அடித்து, சற்றே ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்ப அடிக்கும். முதல் சுற்றில் தளர்ந்த கொக்கி இரண்டாம் சுற்றில் கழன்றுவிடும். ஓய்ந்த அந்த இடைவெளியில் 'புயல் போய்விட்டது' என்று ஏணி போட்டுக் கூரைமீது ஏறியவர்களும் உண்டு!

கல்லும் டயரும் எதற்கு உதவும்?

புயல் எச்சரிக்கை வந்ததும் கூரைமேல் பழைய டயர், செங்கல், மணல் மூட்டை ஏற்றுவது இந்தப் பக்கத்து வழக்கம். கனம் வைத்தால் பறக்காது என்பது நம்பிக்கை. கணக்கு வேறு மாதிரி சொல்கிறது.

காற்று கூரையைக் கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சுவதுதான் அதிகம். சரிவு குறைந்த கூரையின் மேல் காற்று வேகமாகப் போகும்போது, மேலே அழுத்தம் குறைந்து ஷீட் தூக்கப்படுகிறது. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் இந்த விசை சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ எடைக்குச் சமம். பத்தடி நீள சிமென்ட் ஷீட் ஒன்றின் பரப்பு மூன்று சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக, அதைத் தூக்கப் பார்க்கும் விசை ஏறத்தாழ 200 கிலோ. ஷீட்டின் சொந்த எடையோ 40 கிலோ சொச்சம்தான். கூரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் இழுப்பு இன்னும் கூடுதல். இதில் ஒரு டயரும் நான்கு செங்கலும் என்ன செய்யும்? ஷீட்டோடு சேர்ந்து பறந்து, அடுத்த வீட்டு ஆள்மேல் விழும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதிகள் சென்னைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். வர்தாவை இந்தக் கரையின் உச்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ பிய்த்துக்கொண்டு திறந்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்குள் புகுந்த காற்று கீழிருந்து தள்ள, வெளியே போகும் காற்று மேலிருந்து இழுக்க, பலூன் மாதிரிதான். அதனால்தான் கூரையைச் சரிசெய்யும்போது கதவின் தாழ்ப்பாளையும் சரிசெய்வது வேலையில் பாதி.

ஏறாமலே பார்க்கலாம்

பழுதா, மாற்றமா என்று முடிவெடுக்க மேலே ஏறவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. ஏறுவதுதான் ஆபத்து. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்த சிமென்ட் ஷீட் அப்பளம் மாதிரி. பார்க்க உறுதியாக இருக்கும், காலை வைத்ததும் உடையும். ஈரமும் பாசியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். புயலில் தப்பித்தவர்கள், புயலுக்குப் பிறகு கூரையைச் சரிசெய்யப் போய் விழுந்து இடுப்பொடிவதும் உயிரைவிடுவதும் உண்டு. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெறும் ஷீட்மீது கால் வைக்காமல், அடியில் இருக்கும் இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே அகலமான பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். கொக்கிகளின் வரிசை தெரியும் இடத்துக்கு நேர் கீழேதான் சட்டம் இருக்கும்.

உள்ளேயிருந்து பார்ப்பதுதான் நல்லது. பகலில் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தால், எங்கெல்லாம் வெளிச்சம் புள்ளியாக வருகிறதோ அங்கெல்லாம் தண்ணீரும் வரும். கொக்கி போட்ட ஓட்டையிலிருந்து மெல்லிய விரிசல் ஓடியிருந்தால், அந்த ஷீட் காற்றில் எழும்பி அமர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். பறக்காததால் அது நல்ல ஷீட் ஆகிவிடாது. ஒன்றிரண்டில் இருந்தால் மாற்றிவிடலாம். பாதிக்கு மேல் இப்படி இருந்தால், தனித்தனியாக மாற்றுவது ஓட்டை வாளிக்கு ஒட்டுப் போடுகிற வேலை.

அடுத்து கொக்கி. மேஸ்திரிகள் 'ஜே போல்ட்' என்பார்கள். கடற்காற்று படும் ஊர்களில் முதலில் செத்துப்போவது இதுதான். மேலே நட்டும் வாஷரும் பார்க்க நன்றாக இருக்கும், சட்டத்தை வளைத்துப் பிடிக்கும் கீழ் வளைவு துருவேறிப் பென்சில் முனையாக மெலிந்திருக்கும். உள்ளேயிருந்து பார்க்கும்போது தெரிவது அந்த வளைவுதான் என்பது ஒரு வசதி.

பிறகு சட்டம். மரச்சட்டமாக இருந்தால் சுவருக்குள் புதைந்திருக்கும் முனையைப் பார்க்க வேண்டும். உளுத்துப்போவது அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் போதும். உள்ளே இறங்கினால் அந்தச் சட்டத்தின் கதை முடிந்தது. இரும்புப் பைப்பாக இருந்தால் வெல்டிங் வைத்த இடங்களில் துரு செதில் செதிலாக உதிர்கிறதா என்று பார்க்கலாம்.

கடைசியாக, பலரும் பார்க்காமல் விடும் ஒன்று: சட்டம் சுவரோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது? நிறைய வீடுகளில் அது சேர்ந்தே இருக்காது. சுவர்மேல் சட்டத்தை வைத்து, இரண்டு பக்கமும் அரைச் செங்கல்லும் கொஞ்சம் கலவையும் வைத்து மூடியிருப்பார்கள். ஷீட்டைச் சட்டத்தோடு எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், சட்டம் சுவரைப் பிடிக்கவில்லை என்றால் கூரை ஒரே துண்டாக எழும்பும். சட்டம் சுவரில் நுழையும் இடத்தைச் சுற்றிப் பூச்சு புதிதாக வெடித்திருந்தாலோ, மேல் வரிசைச் செங்கல் ஆடினாலோ, இந்தப் புயலில் அது எழும்பப் பார்த்திருக்கிறது. இந்த நிலையில் மூன்று ஷீட்டை மட்டும் மாற்றுவது காசைக் காற்றில் விடுவதுதான். சுவரின் மேல் வரிசைகளைப் பிரித்து, இரும்புப் பட்டையைச் சில வரிசைக்குக் கீழே இறக்கிக் கலவையில் பதித்து, சட்டத்தைச் சுற்றி வளைத்துப் போல்ட் போட வேண்டும். மொத்தக் கூரையையும் மாற்றுவதோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. ஆனால், இதை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கிறது. அவராகச் சொல்வது அபூர்வம்.

உடைந்த துண்டுகளை என்ன செய்வது?

பழைய சிமென்ட் ஷீட்டைப் பொறுத்தவரை இன்னொரு கவலை இருக்கிறது. ஊரில் 'ஆஸ்பெட்டாஸ்' என்று சொல்லும் அந்தப் பெயரே அதற்குள் இருக்கும் நாரின் பெயர்தான். எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. இந்தியாவில் அதை வெட்டியெடுப்பது நின்றுபோனாலும், இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பதற்குத் தடை இல்லை.

முழுசாகக் கூரையில் கிடக்கும்வரை ஷீட்டால் ஆபத்து குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளைபோடும்போதும் கிளம்பும் தூசிதான் பிரச்னை. கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக வெளிப்படலாம். புயலுக்கு மறுநாள் வாசலில் கிடக்கும் துண்டுகளைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுவதும், பிள்ளைகள் அதைப் பொறுக்கிச் சில்லு விளையாடுவதும் சாதாரணமாக நடக்கிறது. நடக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு, உடைக்காமல் பொறுக்கி, கனமான பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்து, பேரூராட்சித் துப்புரவுப் பணியாளர்களிடம் அது என்னவென்று சொல்லித் தர வேண்டும். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கும் குளியலறைத் தடுப்புக்கும் வைத்துக்கொள்வது, விட்ட ஆபத்தைத் திரும்ப வீட்டுக்குள் கூப்பிடுவதுதான்.

'மாற்றலாமா, வேண்டாமா' என்ற தராசில் இதற்கும் ஒரு எடை உண்டு. நன்றாக இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஆஸ்பெஸ்டாஸ் என்பதற்காக மட்டுமே அவசரப்பட்டுப் பிரிப்பது தேவையில்லாத தூசியைக் கிளப்பும். ஆனால், ஏற்கெனவே பாதி உடைந்து, மீதியும் விரிசல் விட்டு, வருடாவருடம் ஆள் ஏறி ஓட்டை போட வேண்டியிருக்கும் கூரை என்றால், மொத்தமாக ஒரே முறை நனைத்து இறக்கிவிடுவதே நல்லது. அடுத்துப் போடுவது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஷீட்டாக இருக்கட்டும். கடையில் கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டால் பழையதே வரும்.

மாற்றுவது என்றால் எதற்கு?

இப்போது எல்லோரும் போவது கலர் ஷீட்டுக்கு. லேசு, சீக்கிரம் வேலை முடியும், உடையாது. ஆனால் மூன்று விஷயங்களை யோசிக்க வேண்டும். லேசாக இருப்பதால் காற்று இன்னும் எளிதாகத் தூக்கும். அதனால் பழைய சிமென்ட் ஷீட்டுக்குப் போட்ட இடைவெளியில் சட்டமும் திருகும் போதாது, ஓரங்களிலும் முகட்டிலும் நெருக்கமாகப் போட வேண்டும். இரண்டாவது, துரு. அறுத்த ஓரமும் திருகு போட்ட இடமும்தான் முதலில் துருப்பிடிக்கும். கடலுக்குப் பக்கத்து ஊரில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுள்ள ஷீட்டும், ரப்பர் வாஷர் வைத்த திருகும் கேட்டு வாங்குவது பின்னால் லாபம். மூன்றாவது, சித்திரை வெயில். கீழே தடுப்பு எதுவும் இல்லாத தகரக் கூரைக்குள் மதியம் இரண்டு மணிக்குக் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

பழைய ஷீட்டைப் பிரிக்கச் சோம்பல்பட்டு அதன் மேலேயே கலர் ஷீட்டைப் போடுகிற யோசனையும் சொல்வார்கள். கூலி மிச்சம்தான். ஆனால், கீழே இருக்கும் துருப்பிடித்த கொக்கியும் உளுத்த சட்டமும் அப்படியே மூடப்பட்டுவிடும். திருகு போடும் ஒவ்வோர் இடத்திலும் பழைய ஷீட் துளைபடும், தூசி வீட்டுக்குள் இறங்கும்.

'எதுக்கு இந்த ரோதனை, தளமே போட்டுடலாம்' என்று தோன்றுவது இயல்பு. கூரையில் 14 சிமென்ட் ஷீட்டின் எடை அரை டன் சொச்சம். அதே முந்நூறு சதுர அடிக்கு நாலு அங்குலத்திலிருந்து ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் எடை ஏழிலிருந்து ஒன்பது டன். ஷீட்டுக்கென்று எழுப்பிய நாலரை அங்குலச் சுவரும் ஆழமில்லாத அஸ்திவாரமும் இதைத் தாங்காது. மிக்ஜாம் மாதிரி மழையில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கி நின்ற சுவர் என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். தளம் போட முடிவெடுப்பது பல வீடுகளில் கூரையை மாற்றும் முடிவல்ல, வீட்டையே இடித்துக் கட்டும் முடிவு. மேஸ்திரி 'தாங்கும்' என்று சொன்னாலும் ஒரு இன்ஜினீயரிடம் சுவரையும் அஸ்திவாரத்தையும் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

ஓட்டு வீடுகளுக்கு இந்தக் கேள்வி சற்று எளிது. ஓடு தனித்தனியாக மாறும், கைமரமும் ரீப்பரும் நன்றாக இருந்தால் பழுதுபார்ப்பதே சரி. என்ன, ஓடு மாற்றத் தெரிந்த கை குறைந்துகொண்டே வருகிறது.

பணம் எங்கிருந்து வரும்?

மிக்ஜாமுக்குப் பிறகு, பாதிக்கப்பட்ட பகுதிகளில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தது தமிழக அரசு. சேதமடைந்த குடிசைக்கான நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தியது. 2022-23 முதல் 2025-26 வரைக்கான பேரிடர் நிவாரண விதிகளின்படி, சமவெளியில் முழுவதும் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குறைந்தது 15 சதவிகிதம் சேதமடைந்த உறுதியான வீட்டுக்கு 6,500, உறுதியற்ற கச்சா வீட்டுக்கு 4,000. வீடு எந்த வகையில் எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டால், சேதத்துக்குச் சாட்சி இருக்காது. உள்ளேயும் வெளியேயும் நான்கு மூலையிலிருந்தும் போனில் படம் எடுத்த பிறகு தார்ப்பாய் போடுவது நல்லது. வங்கிக் கடனில் கட்டிய வீடு என்றால், கடனோடு காப்பீடும் எடுத்திருக்கிறார்களா என்று பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்க்கலாம். 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியில் புயல் சேதமும் அடக்கம். மறந்துபோய்ப் பிரீமியம் மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாகக் கட்டுவதற்கு அரசு உதவி உண்டா என்றால், அது வீடு எல்லைக்கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2024-ல் தொடங்கிய 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் குடிசையில் இருப்பவர்கள் 360 சதுர அடியில் வீடு கட்ட 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் கட்டாயம், ஓலையும் ஆஸ்பெஸ்டாஸும் கூடாது. 2001-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய வீடுகளைப் பழுதுபார்க்கவும் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆனால், இவை ஊரகப் பகுதிக்கானவை. மீஞ்சூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளில் இருப்பவர் கேட்கலாம். மீஞ்சூர் பேரூராட்சிக்குள் இருப்பவர், சொந்த இடத்தில் வீடு கட்ட மத்திய அரசின் பங்காக 1.5 லட்சம் ரூபாய் தரும் பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் பக்கம் போக வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் முதலில் கேட்கப்படுவது பட்டா. புறம்போக்கில் இருபது வருடமாகக் குடியிருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காகிதம் இல்லாததால், அவர்களுடைய முடிவு அவர்கள் எடுக்காமலே எடுக்கப்பட்டுவிடுகிறது. அவர்களுக்கு எப்போதும் பழுதுபார்ப்பதுதான்.

லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். நனைவது குடியிருப்பவரின் அரிசியும் பிள்ளையின் புத்தகமும், முடிவெடுப்பவர் வேறு தெருவில் தளம் போட்ட வீட்டில் இருப்பவர். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், குடியிருப்பவர் சேதப்படுத்தாத வரை கட்டமைப்புப் பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பு என்கிறது. ஒப்பந்தமே இல்லாமல் வாய்வார்த்தையில் ஓடும் வாடகைகளில் இதைச் சொல்லிக் கேட்க ஆளில்லை. பத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து போய்க் கேட்டால் கதவு கொஞ்சம் திறக்கும். 'எல்லாத்தையும் மாத்துங்க' என்பதைவிட, 'ஓரத்து வரிசைக்கு மட்டும் புதுக் கொக்கி போட்டுச் சட்டத்தைச் சுவரோட கட்டிக்கொடுங்கண்ணா' என்பது உரிமையாளருக்கும் மறுக்கக் கஷ்டமான கோரிக்கை.

எப்போது செய்வது?

புயலுக்கு மறுநாள் எடுக்கவேண்டிய முடிவு ஒன்றே ஒன்றுதான்: தார்ப்பாய். அதையும் முகட்டைத் தாண்டி மறுபக்கம்வரை இழுத்துப் போட்டு, கயிற்றை ஷீட்டில் கட்டாமல் சட்டத்திலோ சுவரிலோ கட்ட வேண்டும். அந்த வாரத்தில் ஷீட்டின் விலையும் கூலியும் உச்சத்தில் இருக்கும், கிடைக்கும் ஆளும் அவசரத்தில் இருப்பார். வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது. அந்த நேரத்தில் மொத்தக் கூரையையும் பிரித்துப்போட்டுவிட்டு, அடுத்த தாழ்வு மண்டலத்தில் மாட்டிக்கொள்வது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. பொங்கல் கழிந்தால் மழை ஓயும், விலையும் இறங்கும், மேஸ்திரியும் நின்று பேசுவார். தையிலிருந்து ஆடிவரை நேரம் இருக்கிறது.

பழுதோ மாற்றமோ, வேலை நடக்கும் நாளில் பக்கத்தில் ஒருவர் இருப்பது முக்கியம். ஷீட்டில் ஓட்டையைச் சுத்தியலால் குத்தாமல் டிரில் வைத்துப் போடுகிறார்களா, அதுவும் மேட்டில் போடுகிறார்களா, தண்ணீர் ஓடும் பள்ளத்தில் போடுகிறார்களா? மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் அரை அடியாவது ஏறியிருக்கிறதா? பக்கவாட்டு மடிப்பு, மழைக்காலக் காற்று வரும் வடகிழக்குக்கு வாய் திறந்து நிற்கிறதா? ஓரத்து வரிசையில் கொக்கி எத்தனை? வேலை முடிந்து ஆள் இறங்கிய பிறகு இவற்றில் பாதியைப் பார்க்கவே முடியாது. சட்டத்தைச் சுவரோடு கட்டிய இடங்களைப் பூசி மூடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவைத்தால், பின்னால் நிவாரணக் கணக்குக்கும் ஆகும், வேலை செய்தவரிடம் பேசவும் ஆகும்.

பிறகு வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசியில், மழைக்கு முன்னால் வீட்டுக்குள் விளக்கை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.